ஓரம் கடைசியில்தான் நகரும்

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் நடுவைத்தான் பார்ப்பார். நாமெல்லாம் கல்யாண மண்டபத்துக்குப் போனால் வாசலில் கட்டியிருக்கும் வாழைமரத்தைப் பார்ப்போம், சீரியல் லைட்டைப் பார்ப்போம், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய், கூடத்தின் நடுவில் ஒரு நிமிஷம் நிற்பார். தரையைப் பார்ப்பார். அப்புறம்தான் முகத்தில் சிரிப்பு வரும், அல்லது வராது. வராவிட்டால் பக்கத்தில் இருக்கிற நாமும் தரையைப் பார்க்கத் தொடங்குவோம்.

ஓசூரில் பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் நான், மனைவி, பையன் மூன்று பேரும் குடியிருந்தோம். மாடிப்பகுதிக்கு அவர் வாடகைக்கு வந்தார். சொந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். போனில் அண்ணனோடு தெலுங்கு, காய்கறி வண்டிக்காரரோடு கன்னடம், எங்களோடு தமிழ். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். என் மனைவி செல்விக்கு அவர் அக்கா. எனக்கு மேடம். அவருக்கு நான் தம்பி.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். என்ன வேலை என்று முதல் வாரமே கேட்டேன்.

"பழைய பனிய திருப்பிக் கட்டி வெக்கற வேலை தம்பி" என்றார்.

ஐஸ் ஃபேக்டரி என்று நினைத்துக்கொண்டேன். பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டங்கள் இருக்கின்றன, பூவுக்குக் கோல்டு ஸ்டோரேஜ் வைத்திருக்கிறார்கள், அந்த மாதிரி ஏதாவது இருக்கும் என்று செல்வியிடம் சொல்லியும் விட்டேன். எங்கள் பிரிட்ஜில் ஐஸ் உறையாமல் போன அன்றைக்கு செல்வி மேலே போய் அவரைக் கூப்பிட்டு வரலாமா என்று கேட்டாள். நல்லவேளை, நான் தடுத்தேன்.

விஷயம் வேறு. ஒரு காலத்தில் கனடா முழுக்கவும் ஐரோப்பாவின் வடக்கு முழுக்கவும் மலை உயரத்துக்குப் பனி மூடிக் கிடந்ததாம். அது எப்படி வளர்ந்தது, எதுவரை வந்தது, எப்படிப் பின்வாங்கிப் போனது என்று கம்ப்யூட்டரில் மறுபடி கட்டிப் பார்ப்பதுதான் அவர் வேலை. பார்த்து எழுதி வைத்தவர் யாரும் கிடையாது. அந்தப் பனி இழுத்து வந்து போட்டுவிட்டுப் போன பாறை, பாறை மேல் அது போட்ட கீறல், அதன் பாரத்தில் அமுங்கிப் போய் இன்றைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டிருக்கிற தரை, இவைதான் சாட்சி.

"இன்னிக்குமாக்கா?" என்றாள் செல்வி. "பனி போயி எத்தினி காலமாச்சு?"

"ஆயிரக்கணக்கான வருசம் ஆச்சும்மா. பாரம் எறங்கிப் போச்சுன்னு தரைக்குத் தெரியறதுக்கு அவ்ளோ நாளாகுது."

செல்விக்கு அந்த வார்த்தை பிடித்துப் போயிற்று. இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ மாதிரி இருந்தது.

அவருடைய கம்ப்யூட்டர் திரையில் ஒரு வெள்ளைத் திட்டு பெரிதாகும், சின்னதாகும். பல நாள் ஓடவிட்டு, பாறைகள் கிடக்கிற இடத்தோடு ஓரம் பொருந்துகிறதா என்று பார்ப்பார். பொருந்தாவிட்டால் முதலிலிருந்து. பொருந்தினாலும் அவருக்குத் திருப்தி வராது. அவர் இந்த வேலைக்கு வந்த புதிதில் கட்டிய பனியில் ஓரமெல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதாம். ஆனால் நடுவில் எவ்வளவு கனம் என்பது மொத்தமும் தப்பு. தரை எழும்புகிற கணக்கோடு அது ஒத்துவரவில்லை. ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர் ஒரே கேள்வியில் அதைக் கவிழ்த்துவிட்டார். அதிலிருந்து ஓரத்தை நம்புவதை விட்டுவிட்டேன் என்றார்.

ஒரு நாள் செல்வி கேழ்வரகுக் கூழ் காய்ச்சி மேலே கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். மேடம் அகலமான தட்டு ஒன்றை எடுத்து வைத்து, கரண்டியால் நடுவில் மட்டும் ஊற்றினார். கூழ் குவிந்து, தன் கனத்திலேயே நாலாபக்கமும் பரவியது.

"இதான் பனி. நடுவுல பெய்யும், ஓரத்துக்கு ஓடும்" என்றார். ஊற்றுவதை நிறுத்தினார். நாங்கள் தட்டையே பார்த்தோம். நடுவில் குவியல் அமுங்கிக்கொண்டிருந்தது, ஓரம் மட்டும் இன்னும் மெல்ல முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியாம்மா? ஊத்தறது நின்னு போச்சு. ஓரத்துக்கு அது தெரியாது. வெளிய நின்னு பாக்கறவன் இன்னும் வளந்துக்கினே இருக்குதுன்னு நினைப்பான்."

செல்வி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கூழ் ஆறிப்போன பிறகும் மேடம் தட்டை எடுத்து வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கல்யாணம் ஆகி, பிரிந்தும் விட்டதென்று செல்விக்குத் தெரிய வந்தது. பெண்களுக்குள் இதெல்லாம் எப்படித்தான் தெரியவருமோ. "வீட்டுக்காரர் என்னக்கா, மோசமான மனுசனா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்லம்மா. ஓரத்துல நல்லாத்தான் இருந்தாரு" என்றாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

தெருமுனையில் பாய் ஒருவர் பரோட்டாக் கடை வைத்திருந்தார். சாயங்காலமானால் வாசலில் கூட்டம் நிற்கும். கல்லில் கொத்துகிற சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். ஒரு தடவை மேடத்தையும் கூட்டிக்கொண்டு போனோம். இடம் கிடைக்காமல் நின்றோம். அவர் எங்களை விட்டுவிட்டு உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"உள்ள பெஞ்செல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி வெச்சிருக்காரு" என்றார். "முன்னாடி மூணு டேபிள்லதான் எல்லாரையும் உக்கார வெக்கறாரு. அதான் நாம நிக்கறோம்."

"அதுக்கு என்ன மேடம்? கூட்டம் இருக்குதில்ல."

"இருக்குது தம்பி" என்றார். அவ்வளவுதான். பரோட்டாவை ரசித்துச் சாப்பிட்டார். பாயிடம் சால்னா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டும் வந்தார்.

அடுத்த ரம்ஜானுக்குள் கடை மூடியிருந்தது. பாய் குடும்பத்தோடு ஆம்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள். செல்வி இந்தக் கதையைத் தெருவில் சொல்லி வைத்தாள். முதலில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. எங்கள் கடைக்கு வாங்க, எங்கள் வீட்டுக்கு வாங்க, பார்த்துச் சொல்லுங்க என்று கூப்பிட்டார்கள். அவர் எதுவும் சொல்ல மாட்டார். "நாளைக்கு என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதுங்க. போனது எப்படிப் போச்சுன்னுதான் எனக்குப் பாக்கத் தெரியும்" என்பார். ஆனால் நடுவில் நின்று தரையைப் பார்ப்பதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. தையல் கடைக்காரி ஒருத்தி, அவர் வருவதைப் பார்த்ததும் கதவை ஒருக்களித்துச் சாத்தத் தொடங்கினாள். அவளுக்கு என்ன பயமோ. கருநாக்கு என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. அவர் வாயைத் திறந்து எதுவுமே நடக்கும் என்று சொன்னதில்லை. பாவம், அந்த நாக்கு என்ன செய்தது?

இனி என் கதையைச் சொல்ல வேண்டும்.

சிப்காட்டில் ஒரு டை காஸ்டிங் பிளாண்ட்டில் எனக்கு வேலை. அலுமினியத்தை உருக்கி, அச்சில் அடித்து, பைக்குக்கு வேண்டிய பாகங்களைச் செய்கிற இடம். அந்த வேலையை நம்பித்தான் செல்வியை நாகரசம்பட்டியிலிருந்து ஓசூருக்குக் கூட்டிவந்தேன். அவள் அப்பாவுக்கு மாந்தோப்பு இருந்தது, என்னை வீட்டோடு இருந்துவிடச் சொன்னார். நான்தான் பெரிய இவன் மாதிரி முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை போனால் நாங்கள் மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழ் இருப்பதற்கு வேறு பிடிமானம் கிடையாது. செல்விக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். பையனுக்கு மட்டும்தான் தெரியாது.

அந்த வருஷம் கர்நாடக எல்லைக்கு அந்தப்பக்கம், அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். சம்பளம் ஏறக்குறைய இதேதான். தீபாவளிக்குள் பதில் சொல்ல வேண்டும். போவதா, இருப்பதா? யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள். அப்போது ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் பிளாண்ட்டுக்குள் குடும்பத்தாரை விடுவார்கள். செல்வியோடு மேடத்தையும் நானே கூப்பிட்டேன். சும்மா பூஜைக்கு என்றுதான் சொன்னேன். என் மனசுக்குள் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பிளாண்ட் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மெஷினுக்கு மெஷின் வாழைக்கன்று, சந்தனம், குங்குமம். தரை பச்சை பெயிண்டில் பளபளத்தது. நடைபாதைக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு. நுழைந்ததும் தெரிகிற மாதிரி மேஜை மேல் ஒரு ஷீல்டு வைத்திருந்தார்கள். ஃபைவ் எஸ் போட்டியில் எங்கள் பிளாண்ட் முதலிடம். தேவையில்லாததை அகற்று, இருப்பதை ஒழுங்காக வை என்று ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்த சுத்தம் அது. அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன். ஷீல்டோடு போட்டோவில் நான் இரண்டாவது வரிசையில் நிற்கிறேன்.

பூஜை என்பதால் எல்லோரும் வெறுங்கால். மற்ற நாளில் இரும்பு மூக்கு வைத்த ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். வருஷக்கணக்காக அந்தத் தரையில் நடந்த எங்கள் யாருக்கும் அந்தத் தரையைத் தெரியாது என்று இப்போது தோன்றுகிறது. மேடம் வழக்கம்போல நேராக நடுவுக்குப் போனார். நின்றார். அப்புறம் கால் கட்டைவிரலால் தரையைத் தடவினார்.

"இந்த வழி முன்னயும் இவ்ளோ அகலமா தம்பி?"

"இல்லீங்க மேடம். முன்னெல்லாம் ஒடம்ப ஒருக்களிச்சுக்கினு போவணும். இப்ப ரெண்டு ஃபோர்க்லிஃப்ட் எதுரெதுரா போவும்."

அவர் ஓரடி தள்ளி மறுபடி காலால் தடவினார். நானும் தடவிப் பார்த்தேன். பெயிண்டுக்குக் கீழே வட்டமாக ஒரு மேடு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மெஷினைத் தரையோடு பிடித்து வைத்திருந்த போல்ட்டுகளின் குழிகள். சிமெண்ட் வைத்து அடைத்திருந்தது.

"இங்க என்ன இருந்துச்சு?"

"எண்ணூறு டன் அழுத்தற மெஷினுங்க. சர்வீசுக்குப் போயிருக்குது."

அவர் நடந்தார். "இங்க?"

"பிசிறு வெட்டற ட்ரிம்மிங் பிரெஸ். புனே பிளாண்ட்டுக்கு டெம்பரவரியா எடுத்துக்கினு போனாங்க."

"இங்க?"

நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அவர் காலால் தடவிக்கொண்டே போனது முழுக்க நடைபாதை என்று நாங்கள் பெருமைப்பட்ட இடம். மீதமிருந்த மெஷின்களை இடம் விட்டு இடம் பரப்பி வைத்திருந்ததால் கூடம் நிறைந்த மாதிரியே தெரிந்தது.

"குழிய யாரு அடைச்சது தம்பி?"

"நாங்கதான். எங்க கமிட்டி." அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன். "யாரும் தடுக்கி விழுந்துடக் கூடாதுல்ல. மேல பெயிண்டும் நாங்களே அடிச்சோம்."

"திரும்பி வர்ற மெஷினுக்குக் குழிய அடைப்பாங்களா?"

மேளச்சத்தத்தில் அவர் மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிற முனிராஜ் அப்போது ஸ்வீட் பாக்ஸோடு வந்து, "எடுத்துக்கங்க மேடம்" என்றான். அவர் ஒரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பண்டிகை வாழ்த்துச் சொன்னார். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன்.

"மேடம், நான் அத்திப்பள்ளிக்குப் போயிடட்டுமா?"

"எனக்குப் போனதுதான் தெரியும் தம்பி. போவப் போறது தெரியாது."

"ஆளுங்க அப்படியேதான இருக்கறோம். கேட்டு இருக்குது, செக்யூரிட்டி இருக்குது, பஸ் வருது."

"அதெல்லாம் இருக்கும். ஓரம் கடைசியிலதான் நகரும்" என்றார். வெளியே பார்த்துக்கொண்டே, "வளர்றதுக்குத்தான் காலம் புடிக்கும். போறதுக்கு அவ்ளோ வேணாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அந்த வேலைக்கு சரின்னு சொல்லிடுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐஸ்கட்டியப் பாக்கறவங்களுக்கு அலுமினியத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். மாடிக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

மறுநாள் முனிராஜிடம் பேசினேன். அவன் சிரித்தான். "மச்சி, போன மாசந்தான் கேட்டுக்குப் புதுசா ஆர்ச் வெச்சான். கிரானைட்டு. பர்கூர்ல இருந்து லாரி புடிச்சு எறக்கினான். மூடப் போறவன் என்னாத்துக்குடா ஆர்ச் வெக்கறான்?" எனக்கு வேண்டியிருந்தது அந்த வார்த்தைதான். அத்திப்பள்ளிக்காரர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அன்றிலிருந்து ஷிஃப்டுக்குப் போகும்போதெல்லாம் ஷூவுக்குள் கட்டைவிரல் தானாக அசையும். எங்கெங்கே குழி இருந்தது என்பதைக் கால் மறக்கவே இல்லை.

பொங்கல் லீவு முடிந்து போனோம். பஸ் வந்தது. ஆர்ச் விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. செக்யூரிட்டி சல்யூட் வைத்தார். உள்ளே உலை பற்றவைக்கவில்லை. அலுமினியம் உருகுகிற வாடை இல்லாமல் அந்தக் கூடத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லோரையும் நிற்க வைத்து, ஆர்டரெல்லாம் புனேவுக்குப் போய்விட்டது, கணக்கை முடித்துத் தருகிறோம் என்றார்கள். நான் சேர்ந்த வருஷத்தில் அங்கே இரண்டு மெஷின். கண்முன்னால் வளர்ந்த இடம். எங்களை அனுப்பி முடிக்க ஒரு டீ டைம்கூட ஆகவில்லை. முனிராஜ் அந்த ஆர்ச்சுக்கு அடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். நான் அழக்கூட முடியாமல் நின்றேன்.

பழி எங்கே போய் விழ வேண்டுமோ அங்கேயே விழுந்தது. நாக்கைக் குறை சொல்ல வழியில்லாததால் கண்ணைக் குறை சொன்னார்கள். பூஜை நாளில் அந்த அம்மா உள்ளே வந்து காலால் தேய்த்துவிட்டுப் போனார், அதோடு முடிந்தது என்றார்கள். "நீ என்னாத்துக்குடா அவுங்கள உள்ள கூட்டிக்கினு வந்த?" என்று முனிராஜே என்னைக் கேட்டான். குழியை அடைத்த எங்கள் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச்சு வீட்டுச் சொந்தக்காரர் காதுக்கும் போயிற்று. அவர் சேலத்திலிருந்து போன் செய்து, மகன் குடிவருகிறான், காலி செய்து கொடுங்கள் என்று மேடத்திடம் சொல்லிவிட்டார். மகன் துபாயில் இருந்தான்.

நான் மேலே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. சண்டை போடவா, மன்னிப்புக் கேட்கவா? திரையில் வெள்ளைத் திட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண் சிவந்திருந்தது.

"பழசுல நான் சொன்னது சரின்னு வந்தா சந்தோசமா இருக்கும் தம்பி" என்றார். "யாருக்கும் வலிக்காது. அதுக்குத்தான் பழசா பாத்து இந்த வேலைய எடுத்தேன்."

அதற்குப் பிறகு எனக்குச் சூளகிரியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. ஷிஃப்ட் மாறி மாறி வரும். பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று செல்வி அவனைக் கூட்டிக்கொண்டு நாகரசம்பட்டிக்குப் போனாள். லீவுக்கு என்றுதான் போனாள். பிறகு அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். எல்லாம் ஒரு வசதிக்காகத்தான். சனிக்கிழமைகளில் போன் பண்ணுவாள், நன்றாகத்தான் பேசுவாள்.

மேடம் காலி செய்த அன்றைக்கு, குக்கரும் பையனின் துணிகளும் எடுத்துப் போக செல்வி வந்திருந்தாள். சாமான்களை ஏற்றியாகிவிட்டது. மேடம் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றார்.

"உள்ள வாங்கக்கா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் செல்வி.

"வேணாம்மா. வண்டி நிக்குது."

அவர் எங்களைப் பார்க்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் கிளம்பிவிட்டால் போதும் என்றிருந்தது. போகவும் கூடாது என்றிருந்தது. கேட்டுக்கு வெளியே வந்து, செல்விக்குக் கேட்காதபடி கேட்டேன்.

"மேடம், எங்க வீட்டப் பாத்து நீங்க ஒண்ணுமே சொன்னதில்லையே."

தலை நிமிரவில்லை. "உங்க வீட்ட நான் பாத்ததே இல்ல தம்பி" என்றார்.

வண்டி திரும்பி ரோட்டுக்குப் போயிற்று. செல்வி குக்கரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் மாடிப்படி எங்கள் கூடத்தின் நடுவிலிருந்துதான் ஏறுகிறது. மேலே போக வேறு வழியே கிடையாது. இரண்டு வருஷமும் அவர் அதில்தான் ஏறி இறங்கினார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு ஒரு தடவைதான்.